இன்னும் முடிக்காத விரதம்

என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவன் அண்மையில் சிகரெட்டை விட்டான். 27 வயது. நாங்கள் இருவரும் சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கும் கீழே கார் நிறுத்துமிடத்துக்கும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிற பிழைப்பு. கைப்பேசியில் ஒரு செயலி வைத்திருந்தான், தேநீர் இடைவேளையில் அதை என்னிடம் காட்டுவான். "அண்ணே, பதினோரு நாள்." "அண்ணே, பத்தொம்பது நாள், இருநூத்தம்பது வெள்ளிக்கு மேல மிச்சம்." அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு நிறைவாக இருக்கும். ஒரு சனிக்கிழமையோடு 28 நாள் நிறைந்தது. திங்கட்கிழமை காலை நான் வேனை நிறுத்திவிட்டு வந்தபோது, கார் நிறுத்துமிடத்துக் குப்பைத்தொட்டி ஓரம் நின்று புகைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து மறைக்கவில்லை. "இருபத்தெட்டு நாளும் முடிச்சுட்டேன் அண்ணே. முடிச்ச சந்தோஷத்துல சனிக்கிழமை ராத்திரி ஒண்ணே ஒண்ணு பத்த வச்சேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை..." என்று இழுத்தான்.

அந்த "முடிச்சுட்டேன்" என்ற சொல் பல நாளாக என்னை விடவில்லை. அதே சொல்லை நான் 11 தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

28 நாள் கணக்கை நான் குறை சொல்லமாட்டேன். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டம் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. 28 நாள் தாக்குப்பிடித்தவர் முழுவதுமாக விட்டுவிடும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகம் என்கிறார்கள். நம்புகிறேன். மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத் தெரியும்: தலை கனக்கும், காரணமில்லாமல் கோபம் வரும், கை எதையோ தேடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் "இன்னும் 25 நாள்தான்" என்று பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேண்டும். கயிறு நல்லதுதான். அதன் மறுமுனையை எங்கே கட்டியிருக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கேள்வி.

528 நாள்

நான் புகைக்கத் தொடங்கியது 1995ல், தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில். அப்போது எனக்கு 19 வயது. புகைக்கிறவர்கள் ஒதுங்கிப் போய்ப் பத்து நிமிடம் நிற்பார்கள், மற்றவர்கள் வேலையைத் தொடர்வோம். அந்தப் பத்து நிமிடத்துக்காக முதல் சிகரெட்டை வாங்கினேன். மற்றபடி சொல்ல அதில் ஒன்றுமில்லை, எல்லாரும் தொடங்குகிற கதைதான்.

2009ல் முதல் தடவையாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தேன். மகள் குறைமாதத்தில் பிறந்து பல வாரம் மருத்துவமனையில் இருந்தாள், அவளுக்காக வேண்டிக்கொண்டது. 48 நாள் விரதம். சைவச் சாப்பாடு, ஒரு வேளைச் சோறு, தரையில் பாய், சிகரெட் கிடையாது. அதற்கு முன்னால், விழித்திருக்கும்போது நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் புகைக்காமல் இருந்ததில்லை. ஆனால் முருகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், இருந்தேன். சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை சுமார் மூன்று கிலோமீட்டர் காவடியோடு நடந்தேன். மூன்றாம் நாள் வீட்டில் இடும்பன் பூசை. பூசை முடிந்து, பந்தியில் மற்றவர்களுக்குப் பரிமாறி, இலை எடுத்த கையோடு கீழே இறங்கிப்போய்ச் சிகரெட்டைப் பற்ற வைத்தேன். தலை சுற்றியது. குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் அதை முழுதாகப் புகைத்து முடித்தேன்.

அப்பா இறந்ததால் 2015ல் மட்டும் காவடி எடுக்கவில்லை. அந்த ஓர் ஆண்டைக் கழித்தால் 2020 வரை 11 விரதம். 11 தடவை 48 நாள், மொத்தம் 528 நாள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நான் சிகரெட்டைத் தொடாமல் இருந்திருக்கிறேன். "உனக்கு மன உறுதி பத்தாது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்குத்தான் எனக்கு நினைவுக்கு வரும். மன உறுதி இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் இருந்தது. என் மனைவிகூடச் சண்டையில் இதைத்தான் சொல்வாள்: "சாமிக்குன்னா 48 நாள் இருக்கீங்க. எனக்குன்னு ஒரு நாள் இருக்க முடியாதா?" அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தாலும். முதல் சில ஆண்டுகள் இடும்பன் பூசை வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு அது மெல்ல நழுவியது. காவடியை இறக்கிய அன்று மாலையே, கோயிலைத் தாண்டி ஒரு கட்டடத்தின் பின்பக்கம், நானும் மனைவியின் தம்பியும் ஒதுங்கத் தொடங்கினோம். அலகு பிடுங்கிய இடத்தில் பூசிய விபூதிகூட உதிர்ந்திருக்காது. விரதத்தின் முடிவு சிகரெட்டை நோக்கி நகர்ந்து வந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

தாதி சொன்னது

2020 ஜனவரியில் வேலையிடத்தில் உடல்நலப் பரிசோதனை வைத்தார்கள். விரதத்தின் ஐந்தாவது வாரம் அது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகு கடைசி மேசையில் ஒரு தாதி இருந்தார், தமிழ்ப் பெண். கையடக்கக் கருவி ஒன்றைக் கொடுத்து, மூச்சை 15 விநாடி பிடித்துவைத்து மெதுவாக ஊதச் சொன்னார். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அளக்கிற கருவி. 2 என்று காட்டியது. பத்துக்கு மேல் போனால் புகைக்கிறவர் என்று அர்த்தமாம்.

"எப்ப விட்டீங்க அண்ணா?" என்று கேட்டார். "விடல. தைப்பூசத்துக்கு விரதம்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது விரதம்னு உங்களுக்குத்தான் தெரியும் அண்ணா. உங்க உடம்புக்குத் தெரியாது. அது விட்டாச்சுன்னு நினைச்சு வேலையை ஆரம்பிச்சிருக்கும்."

வரிசையில் பின்னால் ஆளில்லை, அதனால் கொஞ்ச நேரம் பேசினார். கருவி காட்டிய எண் பெரிய விஷயமில்லை, கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும் என்றார். நிகோட்டினும் சில நாளில் போய்விடும். தாமதமாவது மூளைதான். புகைக்கிறவர் மூளையில் நிகோட்டினைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் பெருகியிருக்கும். அவை பழைய அளவுக்குத் திரும்ப ஆறிலிருந்து 12 வாரம் வரை ஆகும். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். 48 நாள் என்றால் ஏழு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. மூளை வீட்டைச் சுத்தம் செய்து முடிக்கப்போகிற நேரம் பார்த்து, ஒவ்வோர் ஆண்டும் நானே கதவைத் திறந்து சேற்றுக்காலோடு நுழைந்திருக்கிறேன்.

அவர் சொன்ன வேறொன்று அன்றே பயன்பட்டது. "கோப்பி எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார். விரதத்தில் ஒரு வேளைதான் சோறு என்பதால் நாலைந்து கோப்பி-ஓ (பாலில்லாத கோப்பி) உள்ளே போகும். பாதியாகக் குறைக்கச் சொன்னார். சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு காஃபீனை வேகமாகச் சிதைக்க வைக்குமாம். புகை நின்றால் அந்த வேகம் சில நாளில் இறங்கிவிடும். அப்புறம் அதே நாலு கோப்பி இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். தூக்கம் வராதது, நெஞ்சு படபடப்பு, மனைவியிடம் எரிந்து விழுவது என்று சிகரெட் இல்லாததால் வந்ததாக நான் நினைத்திருந்ததில் பாதி கோப்பியின் வேலை. 11 ஆண்டாக இது எனக்குத் தெரியாது. விடப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இவ்வளவு கேட்டுக்கொண்டும் அந்த ஆண்டுத் தைப்பூசத்தன்று மாலை வழக்கம்போல ஒதுங்கினேன். பிப்ரவரி 8. அதற்கு முதல் நாள்தான் கொவிட் காரணமாக விழிப்புநிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியிருந்தார்கள், பேரங்காடிகளில் அரிசியும் நூடுல்ஸும் காலியாகிக்கொண்டிருந்தன. நுரையீரலைத் தாக்கும் ஒரு நோய் ஊருக்குள் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டே நானும் மச்சானும் புகைத்தோம். "உங்க உடம்புக்குத் தெரியாது" என்ற குரல் காதில் கேட்டது. இரண்டாவது சிகரெட்டையும் எடுத்தேன்.

கருவிப் பெட்டியில் இருந்தது

2021 தைப்பூசம் ஜனவரி 28. காவடிக்கும் பாத ஊர்வலத்துக்கும் அந்த ஆண்டு அனுமதி கிடையாது. முன்பதிவு செய்துகொண்டு டேங்க் ரோடு கோயிலுக்கே போக வேண்டும், கோயிலில் தயாராக வைத்திருக்கும் பால்குடத்தை எடுத்து உள்ளேயே கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். நான் டிசம்பரிலேயே விரதத்தைத் தொடங்கியிருந்தேன். குறித்த நேரத்துக்குப் போனேன். முகக்கவசம், இடைவெளி விட்டு வரிசை, கையில் குடம், சில நிமிடம். வெளியே வந்துவிட்டேன். மேளமில்லை, தண்ணீர்ப் பந்தலில்லை, சிராங்கூன் ரோட்டில் யாரும் "வேல் வேல்" என்று கத்தவில்லை. தோளில் பாரம் இருந்தால்தானே இறக்கி வைக்க முடியும்? டாக்சியில் வரும்போது மனைவி, "என்னங்க, விரதம் முடிஞ்ச மாதிரியே இல்லையே" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அன்றிரவு எல்லாரும் தூங்கிய பிறகு, காலணி அலமாரிக்குக் கீழே இருக்கும் என் பழைய கருவிப் பெட்டியைத் திறந்தேன். அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஒவ்வோர் ஆண்டும் விரதத்துக்கு முதல் நாள், மிச்சமிருக்கும் சிகரெட்டை வீசாமல், பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்துவிடுவேன். விலை அப்படி, வீச மனம் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். 2020 ஜூலைக்குப் பிறகு எல்லா நிறுவனத்துச் சிகரெட் பெட்டியும் ஒரே மாதிரிதான், சேறு காய்ந்த நிறம், முக்கால்வாசிக்கு நோயின் படம். சின்னமில்லை, தங்கக் கோடில்லை. உள்ளே எண்ணிப் பார்த்தேன், 14 இருந்தது. ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தேன். காய்ந்த புல் வாடை. விரலால் உருட்டினால் தூள் உதிர்ந்தது. கருவிப் பெட்டியின் கிரீஸ் வாடையும் கொஞ்சம் ஏறியிருந்தது.

கூடத்தில் விளக்குப் போடாமல், தரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்த 48 நாளும் நான் சிகரெட் இல்லாமல் இருக்கவே இல்லை. அது இங்கேயே, நான் படுக்கிற பாயிலிருந்து பத்தடி தூரத்தில், எனக்காகக் காத்திருந்தது. நானும் அதற்காகக் காத்திருந்தேன். 11 ஆண்டும் இப்படித்தான். 48 நாளில் ஒவ்வொரு நாளும் நான் எண்ணியது முருகனுக்கு எத்தனை நாள் ஆனது என்றா, சிகரெட்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்றா? இரண்டும் ஒரே எண்ணாக இருந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்றிரவு நான் அழுதேன். பயத்தில் இல்லை. அத்தனை ஆண்டும் சாமிக்குக் கொடுத்ததாக நினைத்ததை உண்மையில் அடகு மட்டும் வைத்திருந்தேன் என்பது பொறுக்க முடியவில்லை.

அந்தக் கணத்தில் விட்டுவிட முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. கை லைட்டரைத் தேடத்தான் செய்தது. தடுத்தது ஒரு சின்ன விஷயம்: விரதம் இன்னும் முடியவில்லையே, இடும்பன் பூசை ஆகட்டும் என்று தோன்றியது. சரி என்று திரும்பச் சுற்றி வைத்தேன். படுத்த பிறகுதான் நினைவு வந்தது, காவடி எடுக்காத ஆண்டில் எங்கள் வீட்டில் இடும்பன் பூசை கிடையாது. அப்படியானால் என்றைக்கு முடிப்பது? யோசித்துப் பார்த்தேன். நாளே இல்லை. அதை யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மூன்று நாள் கழித்து, பெட்டியோடு குழாயடியில் நனைத்து, சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டேன். மனைவி பார்த்தாள். "முடிச்சாச்சா?" என்றாள், விரதத்தைத்தான் கேட்டாள். "இன்னும் முடிக்கல" என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவும் எனக்குச் சைவம்தான் சமைத்தாள். மறுவாரம்தான் மீன் வாங்கினோம். சாப்பாடு, பாய் எல்லாம் பழையபடி ஆனது. சிகரெட் மட்டும் விரதத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

இந்த ஊர்ச் சட்டங்கள் என்னை ஒவ்வோர் அடியாக நகர்த்தி வந்திருந்தன என்பதை மறக்கமாட்டேன். 2006ல் கோப்பிக் கடையில் ஒரு மூலைக்கு ஒதுக்கினார்கள். 2013ல் புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும் வெளியேற்றினார்கள். 2017ல் கடைக்காரர் சிகரெட் பெட்டிகளைக் கண்ணில் படாமல் மூடி வைக்க வேண்டியதாயிற்று. எரிச்சலாக இருந்தாலும், ஒரு நாளைக்கு 20 என்றிருந்தது இவற்றால்தான் 12ஆகக் குறைந்தது. மழைக்குப் பயந்தே பல சிகரெட் போயிருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டைச் சட்டத்தால் தொட முடியவில்லை.

கால் கழுவியது

2023 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. காவடி திரும்பி வந்தது. நான் சிகரெட்டைத் தொட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் பெரிய ஏக்கம் எதுவும் இல்லை. மச்சான் பக்கத்தில் நின்று புகைத்தாலும் ஒன்றும் தோன்றாது. முடிந்தது என்றே நினைத்திருந்தேன்.

டேங்க் ரோட்டில் காவடியை இறக்கினார்கள். அலகு ஒவ்வொன்றாக வந்தது. விபூதியை அழுத்தித் தேய்த்தார்கள். பாலைச் செலுத்திவிட்டு வெளியே வந்து நடைபாதை ஓரம் உட்கார்ந்தேன். உள்ளங்கால் எரிந்தது, தோள் லேசாகிக் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. அந்த நேரத்தில் வந்தது. எச்சில் ஊறியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகச் சேர்ந்தன. நெஞ்சுக்குள் ஒரு பள்ளம் விழுந்ததுபோல் இருந்தது. என் உடம்பில் நிகோட்டின் இல்லாமல் இரண்டு ஆண்டு ஆகிறது. ஆனால் அந்த இடத்துக்கும், விபூதி வாடைக்கும், தோள் பாரம் இறங்கும் அந்தக் கணத்துக்கும் ஞாபகம் இருந்தது. எங்கே விட்டுப்போனேனோ அங்கேயே அது உட்கார்ந்திருந்தது.

மச்சான் வந்தான். பழக்கதோஷத்தில் அந்தக் கட்டடத்தின் பக்கம் தலையை ஆட்டி, "மாமா..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், அது உண்மை. மனைவி அதைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல், கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கால் முன்னால் குந்தினாள். தண்ணீரை ஊற்றி, பாதத்தில் ஒட்டியிருந்த தார்த் துகளை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாள். எரிச்சலில் பல்லைக் கடித்தேன். இடது கால் முடிந்தது, வலது காலைப் பிடித்தாள். போத்தல் காலியானபோது கவனித்தேன், அது போயிருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எவ்வளவு பெரிதாக எழுந்தாலும் அதற்கு அவ்வளவுதான் ஆயுள். தெரிந்த விஷயம்தான். அன்று என் காலில் தெரிந்துகொண்டேன். மச்சான் அந்தப் பக்கம் போகவில்லை, எங்களோடு உட்கார்ந்து மோர் குடித்தான்.

சரியாக ஒன்பது நாள் கழித்து வரவுசெலவுத் திட்டத்தில் சிகரெட் வரியை உயர்த்தினார்கள், ஒரு குச்சிக்கு 49.1 காசு. 20 கொண்ட பெட்டிக்கு வரி மட்டும் ஏறக்குறைய 10 வெள்ளி. எங்கள் வேனில் அன்று முழுக்க அதே பேச்சு. நான் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேனா? பாதி சொன்னேன். போன வியாழக்கிழமை அவனே வந்து, "திரும்ப ஆரம்பிக்கணும் அண்ணே" என்றான். மதிய இடைவேளையில் மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனேன். 1992லிருந்து சூயிங்கம் விற்காத ஊரில், 2004 முதல் நிகோட்டின் கம்முக்கு வழி விட்டிருக்கிறார்கள், மருந்தாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். எழுந்து அரை மணி நேரத்துக்குள் புகைப்பவரா என்று கேட்டுவிட்டு 4 மில்லிகிராம் கொடுத்தார். கோப்பி குடித்த உடனே மெல்லக்கூடாது, 15 நிமிடமாவது போகட்டும், வாயில் புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது என்றும் சொன்னார். கோப்பியைப் பாதியாக்கச் சொன்னேன் நான்.

மோட்டார் அறைக்குத் திரும்பியதும் செயலியைத் திறந்தான். இலக்கு எத்தனை நாள் என்று அது கேட்டது. "எவ்வளவு போடட்டும் அண்ணே? நூறு?" நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முதல் கம்மைப் பிரித்து வாயில் போட்டான்.

"எரியுதுண்ணே."

"மெல்லாத. கன்னத்துல ஒதுக்கி வை. எரிச்சல் அடங்கினதும் திரும்ப ரெண்டு கடி."

தலையாட்டினான். பிரேக் தேய்மானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. டார்ச்சை அவன் பிடித்துக்கொள்ள, நான் மூடியின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினேன்.